இரண்டு மணிக்குள் இருபத்திரண்டு அறைகள்

அத்தியாயம் பதினொன்று

சனிக்கிழமை காலை ஏழேகாலுக்கு அவள் கீழே இறங்கி வந்தபோது பணியாளர் சாப்பாட்டு அறையில் யாரும் இல்லை. சுவரில் அந்தப் பலகை மட்டும் இருந்தது. பலகை நிறைய மஞ்சள் சீட்டுகள்.

நாற்பத்து மூன்று சீட்டுகள். போன வாரம் எண்ணியபோதும் நாற்பத்து மூன்றுதான்.

மூன்று மாதங்களுக்கு முன்னால், முழங்கால் அறுவை சிகிச்சைக்காக அப்பா மருத்துவமனைக்குப் போன அன்று, முப்பத்தாறு அறைகள் கொண்ட இந்த ஹோட்டல் அவள் பொறுப்புக்கு வந்தது. பணியாளர்கள் அப்பாவைப் பெரியவர் என்பார்கள். அவள் சின்ன மேடம் ஆனாள். வந்ததும் அவள் செய்த முதல் காரியம் திங்கட்கிழமைக் கூட்டம்.

"உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிடப் போகுது? என்ன மாத்தலாம்னு நீங்களே சொல்லுங்க" என்றாள்.

சொன்னார்கள். ஆரம்பத்தில் தயங்கியவர்கள், பிறகு போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். ஒவ்வொன்றுக்கும் அவள் முகம் மலர்ந்து, "செய்யலாம்" என்றாள். மனசாரத்தான் சொன்னாள். யோசனை மஞ்சள் சீட்டாகிப் பலகைக்குப் போகும். போய் அங்கேயே இருக்கும்.

போன திங்கட்கிழமை, "வேற ஏதாவது?" என்று கேட்டபோது முதல் தடவையாக யாரும் வாயைத் திறக்கவில்லை. புதன்கிழமை சலவை அறைப் பக்கம் நடந்து போனவள், உள்ளேயிருந்து ஒரு குரலைக் கேட்டாள்.

"எழுந்திருங்கடி. செய்யலாம் மேடம் வராங்க."

அந்தச் 'செய்யலாம் மேடம்' தான்தான் என்று அவளுக்குப் புரியவே இரண்டு நிமிடம் ஆயிற்று.

அப்பாவின் காதுக்கு எதுவும் தாமதமாகப் போவதில்லை. மேல்மாடி வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்தபடியே மூன்று மாடிகளிலும் நடப்பது அவருக்குத் தெரியும். வியாழக்கிழமை சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, நிதானமாகச் சொன்னார்.

"சனிக்கிழமை முடியறதுக்குள்ள அந்தப் பலகையில இருந்து ஒண்ணு, ஒரே ஒண்ணு, நடந்திருக்கணும். இல்லேன்னா திங்கட்கிழமையிலிருந்து நான் கீழ வந்து உட்கார்றேன். நீ பழையபடி எனக்கு உதவியா இரு. அதுல தப்பில்லம்மா. எல்லாருக்கும் எல்லாமும் வராது."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் ஆறுதலாகச் சொன்னதுதான் இரண்டு நாளாக உறுத்திக்கொண்டிருந்தது.

"என்ன மேனேஜர் அம்மா, சீட்டுக் குலுக்கிப் போடப் போறீங்களா?"

சமையலறைக் கதவில் சாய்ந்தபடி அவள் கணவன் நின்றிருந்தான். இந்த ஹோட்டலின் தலைமைச் சமையல்காரன். சமையலறையில் எல்லாரும் அவனை நேரில் செஃப் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் மாப்பிள்ளை.

"இதோ, இதுதான்" என்று அவள் ஒரு சீட்டைப் பிய்த்தாள். 'ரூமுக்கு ரெண்டு பேராப் போனா வேலை சீக்கிரம் முடியும்' என்று அதில் எழுதியிருந்தது. கையெழுத்து ரிசப்ஷன்காரருடையது. யோசனை, மூணாம் மாடி அக்காவுடையது. பத்தொன்பது வருடமாக மூன்றாம் மாடி அறைகளைப் பார்த்துக்கொள்பவர். "இன்னைக்கே ஆரம்பிக்கிறேன்."

"இன்னைக்கா? இன்னைக்குப் பல் டாக்டருங்க நாப்பது பேர் வராங்க. மாநாடு. இருபத்திரண்டு ரூம்."

"பதினோரு மணிக்கு ரூம் எல்லாம் காலியாகும். ரெண்டு மணிக்கு அவங்க வருவாங்க. நடுவுல மூணு மணி நேரம். இதை விட நல்ல நாள் எது?"

"அக்காகிட்ட கேட்டியா?"

"அவங்க யோசனைதானேங்க! சந்தோஷப்படுவாங்க."

அவன் ஏதோ சொல்ல வந்தான். உள்ளே பால் பொங்கியது. திரும்பி ஓடினான்.

எட்டரை மணிக்கு, அறைகளைச் சுத்தம் செய்யும் ஆறு பெண்களும் வரிசையாக நின்றார்கள். அவள் கையில் இருந்த பட்டியலைப் படித்தாள். இதுவரை ஆளுக்கொரு அறையாகத் தனித்தனியே செய்து வந்தார்கள். இனி ஜோடி ஜோடியாக. மாடிக்கு ஒரு ஜோடி.

"ரெண்டாம் மாடி, அண்ணியும் நாத்தனாரும்."

வரிசையில் யாரோ இருமினார்கள். அவள் சளி என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டாம் மாடியில் வேலை செய்யும் அந்த உயரமான பெண்ணை ஹோட்டலே அண்ணி என்றுதான் கூப்பிடும். காரணம், அவளுடைய நாத்தனாரும் அங்கேயே வேலை செய்தாள். கூப்பிட வேண்டிய அந்த நாத்தனார் மட்டும் இரண்டு வருடமாக அவளை எதுவும் கூப்பிடுவதில்லை. பாத்திரம் கழுவுகிறவர் முதல் தோட்டக்காரர் வரை எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது. சொந்தக்காரர்கள், ஒத்துப் போவார்கள் என்று நினைத்தது மேனேஜர் ஒருத்திதான்.

"மேடம், அது வந்து..." என்று ஆரம்பித்தார் மூணாம் மாடி அக்கா.

"உங்க யோசனைதான் அக்கா! எல்லாரும் கேட்டுக்கோங்க, இது அக்கா சொன்னது."

மற்றவர்கள் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் பாராட்டு ஒன்றும் தெரியவில்லை. அக்கா வாயை மூடிக்கொண்டார்.

பன்னிரண்டரை மணிக்கு, எத்தனை அறைகள் தயார் என்று ரிசப்ஷனில் கேட்டாள்.

"ஆறு, மேடம்."

"பதினாறா?"

"ஆறு."

படியேறி இரண்டாம் மாடிக்கு ஓடினாள். 207-இன் கதவு திறந்திருந்தது. வாசலை அடைத்துக்கொண்டு டிராலி. ஜன்னல் ஓரமாக அண்ணி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். குளியலறையில் யாரோ சுவரைப் பெயர்த்துவிடுவது போலத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன அண்ணி, நிக்கறீங்க?"

"படுக்கை போட்டாச்சு மேடம். பாத்ரூம்ல ஒருத்தர் இருக்காங்க. ரெண்டு பேருக்கு இடமில்ல."

"இடமில்லேன்னு சும்மா நிக்கறவங்க தரையையாவது சுத்தம் பண்ணலாம்" என்றது குளியலறை. "நான் பொதுவாச் சொல்றேன்."

"தரையைச் சுத்தம் பண்ற மெஷின் பாத்ரூம் உள்ளே மாட்டிக்கிட்டிருக்கு. அதை எடுத்து வெளிய வைக்கலாம்னு நீங்களும் பொதுவாச் சொல்லுங்க மேடம்."

அவள் பொதுவாக எதுவும் சொல்லவில்லை. மூன்றாம் மாடிக்கு ஏறினாள்.

311-இல் அக்கா தலையணைக்கு உறை போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய ஜோடி, துண்டு எடுத்து வரப் போயிருந்தாள்.

"அக்கா, ஏன் இவ்வளவு லேட்டாகுது?"

"நீங்க சொன்ன மாதிரிதான் மேடம் செய்யறோம்."

"உங்க யோசனைதானே இது?"

அக்கா தலையணையை இரண்டு தட்டுத் தட்டி நிமிர்த்தி வைத்தார். "என் யோசனைல பாதி."

"மீதி?"

"மீதியைச் சொல்றதுக்குள்ள நீங்க செய்யலாம்னு சொல்லிட்டீங்க. எல்லாரும் கை தட்டிட்டாங்க. அதுவரைக்கும் காதுல விழுந்ததை ரிசப்ஷன் தம்பி எழுதி ஒட்டிட்டாரு."

அந்தத் திங்கட்கிழமை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அக்கா எழுந்து நின்று பேச ஆரம்பித்ததும், அவள் சிரித்ததும், கை தட்டியதும். ஒரு ஆளிடம் சரி என்று சொல்லிவிட்டால், அவர் சொன்னதைக் கேட்டு முடித்துவிட்டோம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"காலையிலயாவது சொல்லியிருக்கலாமே அக்கா?"

"சொல்ல வந்தேன்."

அவள் கதவை ஒட்டி நின்றாள்.

"இப்போ சொல்லுங்க."

"மணி பன்னெண்டரை தாண்டிடுச்சு மேடம்."

"பரவாயில்ல. முழுசாச் சொல்லுங்க."

அக்கா அவளை ஒரு கணம் அளந்து பார்த்தார். பிறகு கட்டிலைக் காட்டினார்.

"ரூமுக்கு ரெண்டு பேர் இல்ல மேடம். படுக்கைக்கு ரெண்டு பேர். ஒருத்தியே படுக்கை போட்டா, இந்தக் கட்டிலைச் சுத்தி எத்தனை நடை தெரியுமா? பதினாலு. எண்ணிப் பார்த்திருக்கேன். இந்தப் பக்கம் செருகிட்டு அந்தப் பக்கம் ஓடணும். அங்க இழுத்தா இங்க உருவிக்கும். திரும்ப ஓடணும். ரெண்டு பேர் ரெண்டு பக்கம் நின்னா நடையே இல்ல. போட்டு முடிச்சதும் அடுத்த ரூமுக்குப் போயிட்டே இருக்கணும். வேற எதையும் தொடக் கூடாது."

"பாத்ரூம்?"

"அதுக்கு வேற ஆளு. படுக்கைக்காரங்க வெளிய வந்ததும் அவ உள்ள போவா. அவ கை ஈரமாவே இருக்கும், பெட்ஷீட் பக்கமே வர வேண்டாம். அவளுக்குப் பின்னால கடைசியா ஒருத்தி. தரை, துண்டு, சோப்பு, தண்ணி பாட்டில், எல்லாம் பார்த்துட்டுக் கதவைச் சாத்துவா. ரயில் பெட்டி மாதிரி. ஒண்ணு பின்னால ஒண்ணு. ஒருத்தர் மேல ஒருத்தர் இடிச்சுக்க வேண்டாம்."

சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பதினொரு வாரங்களாக ஒரு மஞ்சள் சீட்டில் பாதியாகத் தொங்கிய விஷயம்.

"நீங்களே ஆளுங்களைப் பிரிச்சு விடுங்க அக்கா."

"மத்த மாடி எல்லாம் எனக்குக் கீழ இல்லையே."

"இன்னைக்கு எல்லா மாடியும் உங்களுக்குக் கீழதான்."

"பெரியவர் கேட்டா?"

"நான் பதில் சொல்றேன். நான் என்ன செய்யணும், அதையும் நீங்களே சொல்லுங்க."

அக்கா படிக்கட்டு முனைக்குப் போய்க் கையைத் தட்டினார். மற்ற ஐந்து பேரும் கூடினார்கள். பத்தொன்பது வருடமாக இதற்காகக் காத்திருந்தவர் போல, ஒரு தடுமாற்றமும் இல்லாமல் பிரித்தார். அண்ணியும் இன்னொருத்தியும் முதல் மாடியிலிருந்து படுக்கை. நாத்தனாருக்கு அதற்கு எதிர்முனையில், மூன்றாம் மாடியிலிருந்து குளியலறைகள்.

"அவளை மாதிரி யாருக்கும் குழாய் விளக்க வராது" என்று அக்கா தணிந்த குரலில் மேடத்திடம் சொன்னார். "வீட்டுக் கோபம் எல்லாத்தையும் குழாய்லதான் காட்டுவா. முகம் பார்த்துத் தலை வாரலாம்."

பிறகு விரல் விட்டு எண்ணினார். "படுக்கைக்கு ஒரு கை குறையுது. உங்களுக்குப் படுக்கை போட வருமா மேடம்?"

"வீட்டுல தினமும் நான்தான் அக்கா."

"வீட்டுல தூங்கறதுக்குப் படுப்பாங்க. இங்க குறை கண்டுபிடிக்கறதுக்குன்னே படுக்கறவங்க இருக்காங்க. சரி, வாங்க."

அவள் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். கட்டிலின் இந்தப் பக்கம் மேனேஜர், அந்தப் பக்கம் அக்கா. விரிப்பு நடுவில் காற்று வாங்கி எழுந்து இறங்கியது.

"மூலையைத் திணிக்காதீங்க. கடித உறை மாதிரி மடிங்க. ஆங். இழுங்க. இன்னும்."

முதல் அறையில் மூன்று தடவை திருத்தினார். இரண்டாவதில் ஒரு தடவை. நான்காவது அறையில் எதுவும் சொல்லவில்லை. அந்த மௌனம் அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் வாங்கிய எந்தப் பரிசையும் விட நன்றாக இருந்தது.

ஐந்தாவது அறையில் அக்காவாகவே பேசினார்.

"இது புது யோசனை இல்ல மேடம். ஒம்பது வருஷம் முன்னாடி பெரியவர்கிட்ட சொன்னேன்."

"அப்பா என்ன சொன்னாரு?"

"பார்க்கலாம்னாரு."

விரிப்பு மறுபடி எழுந்து இறங்கியது.

"நீங்க கூட்டம் போட்டதும், இன்னொரு தடவை சொல்லித்தான் பார்ப்போமேன்னு தோணுச்சு. அவ்வளவுதான்." அக்கா குனிந்து மூலையை மடித்தார். "தெருக்கோடியில புதுசா திறந்திருக்காங்களே, அந்த ஹோட்டல்ல என்னைக் கூப்பிட்டிருக்காங்க. எல்லா மாடிக்கும் பொறுப்பா. போன ஞாயித்துக்கிழமை போய்ப் பேசினேன். இதையே அங்க சொன்னேன். கடைசி வரைக்கும் கேட்டாங்க."

அவள் கை நின்றுவிட்டது.

"எப்போ பதில் சொல்லணும்?"

"திங்கட்கிழமைக்குள்ள."

"என்ன சொல்லப் போறீங்க?"

"அந்த நுனியை இழுங்க மேடம்."

இழுத்தாள். அப்போது கைபேசி அடித்தது. ரிசப்ஷன்.

"மேடம், பஸ் வந்துடுச்சு."

"மணி ஒண்ணு இருபதுதானே ஆகுது!"

"ரோடு காலியா இருந்துச்சாம். நாப்பது பேரும் இறங்கிட்டாங்க. பெட்டிங்க எல்லாம் நடுவுல கிடக்கு. என்னால உட்கார நாற்காலி கூடத் தர முடியல."

அக்கா அவளைப் பார்த்தார். அவள் கீழே போனால் இந்த ஜோடி உடையும். பின்னால் வருகிறவர்கள் எல்லாரும் நிற்க வேண்டும். போகாவிட்டால், கீழே நாற்பது பேர்.

கணவனைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

"தெரியும். சாப்பாட்டு ஹாலைத் திறந்துட்டேன். ரெண்டரைக்கு வைக்க வேண்டியதை இப்பவே வைக்கிறேன். சூப் போயாச்சு. உனக்கு எவ்வளவு நேரம் வேணும்?"

"நாப்பது நிமிஷம்."

"ஐம்பது தர்றேன். நல்லா மென்னு சாப்பிடுங்கன்னு ஊருக்கெல்லாம் சொல்றவங்கதானே, இன்னைக்கு அவங்க மெல்லட்டும்."

பல நாட்களுக்குப் பிறகு அவள் அவனிடம் சிரித்தாள். போனில் அது கேட்டிருக்கும். "சரி, வை வை, வேலையைப் பாரு" என்றான் அவன், குரலை மாற்றிக்கொண்டு.

ஒன்றே முக்காலுக்கு மின்தூக்கி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு கைத்தடிச் சத்தம். இரண்டாம் மாடி நடைபாதையில் அது மெதுவாக நெருங்கி, அவர்கள் இருந்த அறை வாசலில் நின்றது.

"நல்லாயிருக்கு" என்றார் அப்பா. "கீழ நாப்பது பேர் நிக்கறாங்க. மேனேஜர் இங்க தலையணை தட்டிக்கிட்டிருக்கா."

"நிக்கலப்பா. சாப்பிடறாங்க."

"யார் பொறுப்புல நடக்குது இதெல்லாம்?"

"அக்கா பொறுப்புல."

அவர் புருவத்தைச் சுருக்கி அக்காவைப் பார்த்தார். அக்கா நிறுத்தவில்லை. இரண்டு பக்கமும் இரண்டு ஜோடிக் கைகள் ஒரே நேரத்தில் மடித்தன, செருகின, நீவின. மேல்விரிப்பு, போர்வை, தலையணை. அப்பா ஹோட்டல்காரர். கோபத்திலும் அவர் கண் வேலையைத்தான் பார்த்தது.

"நாலு நிமிஷம்கூட ஆகலையே" என்றார், தன்னை அறியாமல். "யாரோட யோசனை இது?"

மகள் அக்காவைப் பார்த்தாள். அது அவள் சொல்ல வேண்டிய பதில் இல்லை.

"என்னோடதுதான் ஐயா" என்றார் அக்கா. "உங்ககிட்ட சொன்னேன். ஒம்பது வருஷம் முன்னாடி. ஆபீஸ் ரூம்ல. நீங்க போன்ல பேசிக்கிட்டிருந்தீங்க. கையால அதை மூடிக்கிட்டு, சொல்லும்மான்னீங்க."

அப்பாவின் முகத்தில் ஒரு தேடல் ஓடியது. ஓடி, வெறுங்கையுடன் திரும்பி வந்தது. கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஐயா, கொஞ்சம் தள்ளி நின்னீங்கன்னா டிராலி வெளிய வரும்."

தான் எழுப்பிய கட்டடத்தில், முப்பது வருடத்தில் ஒருவரும் அவரைத் தள்ளி நிற்கச் சொன்னதில்லை. அவர் தள்ளி நின்றார். டிராலி வெளியே வந்தது.

கடைசி அறையின் கதவை இரண்டு பத்துக்குச் சாத்தினார்கள். சாப்பிட்டு முடித்த பல் டாக்டர்கள் சாவிகளை வாங்கிக்கொண்டு, யாரும் முணுமுணுக்காமல் மேலே போனார்கள். ஒரே ஒரு புகார் வந்தது. ஒரு டாக்டரின் அறையில் பற்பசை வைக்க மறந்துவிட்டார்கள்.

சாப்பாட்டு அறையில் அந்தப் புகாரைச் சொல்லிச் சொல்லி ஆறு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரிப்புக்கு நடுவே நாத்தனார், "மறந்தது நான் இல்ல. பொதுவாச் சொல்றேன்" என்றாள். அண்ணியும் சிரித்துவிட்டாள். உடனே அதை மறைக்கத் தண்ணீர் குடித்தாள்.

நாலு மணிக்கு அப்பா அவளை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார். மேஜைக்கு எதிர்ப்பக்கம், விருந்தாளிகள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"பத்து நிமிஷம் லேட்" என்றார்.

"ஆமாப்பா."

"ஆனா நடந்திருக்கு. நான் கேட்டது ஒண்ணு. ஒண்ணு நடந்துடுச்சு. சொன்ன வார்த்தை மாற மாட்டேன்."

அவள் மூச்சை விட்டாள். விட்டு முடிப்பதற்குள் அவர் தொடர்ந்தார்.

"அவ போறாளாமே?"

யார் சொன்னார்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டுப் பயனும் இல்லை.

"இன்னும் முடிவு பண்ணல."

"முடிவு பண்ண வேண்டாம்." மேஜை மேல் இருந்த தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்தார். "அந்த ஹோட்டல்காரன் எனக்குத் தெரிஞ்சவன்தான். அவன் முதல்ல ஹோட்டல் வெச்சப்போ நான்தான் எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். ஒரு வார்த்தை போதும். இடம் நிரம்பிடுச்சுன்னு சொல்லிடுவான். அவளுக்குக் காரணமே தெரியாது. இங்கயே இருந்துடுவா."

அவள் எழுந்து வந்து தொலைபேசியின் மேல் கையை வைத்தாள்.

"வேண்டாம்பா."

"உனக்காகத்தாம்மா."

"தெரியும். அதனாலதான் வேண்டாம்."

அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு காப்பித் தட்டுடன் அவள் கணவன் வந்தான். இருவரையும் பார்த்தான். தொலைபேசியைப் பார்த்தான்.

"மாப்பிள்ளை, நீங்களாவது சொல்லுங்க இவளுக்கு."

"நான் காப்பி கொடுக்க வந்தேன் மாமா" என்றான் அவன், தட்டை மிகக் கவனமாக வைத்தபடி. ஆனால் போகவில்லை. மனைவிக்குப் பக்கத்தில் நின்றான்.

"ஒம்பது வருஷம் அவங்க சொன்னதை நாம கேக்கல" என்றாள் அவள். "கேட்ட இடத்தையும் அடைச்சுட்டா, அவங்க இங்க இருப்பாங்கப்பா. ஆனா இனிமே எதுவும் சொல்ல மாட்டாங்க."

அப்பா காப்பியை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"அவ போயிட்டா, இன்னைக்கு நடந்தது ஒரு நாள் கூத்து. திங்கட்கிழமை மத்தவங்க எல்லாம் பழையபடி ஆளுக்கொரு ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்குவாங்க. அது உனக்குத் தெரியுதா?"

"தெரியுது."

"அப்போ கேட்டுக்கோ. திங்கட்கிழமை கூட்டத்துக்கு அவ வந்தா, நான் மேலயே இருக்கேன். இந்த ரூம் பக்கமே வர மாட்டேன். வரலேன்னா, பத்து மணிக்கு நான் இங்க இருப்பேன். நடுவுல நான் யாருக்கும் போன் பண்ண மாட்டேன். நீ என்ன செய்வியோ, அது உன் சாமர்த்தியம்."

"சரிப்பா."

தொலைபேசியிலிருந்து கையை எடுத்தாள்.

ஐந்தரைக்கு ஷிஃப்ட் முடிந்தது. பணியாளர்கள் வெளியேறும் பின்வாசலில் அவள் நின்றாள். சீருடையை மாற்றிக்கொண்டு, தோளில் பையுடன் அக்கா கடைசியாக வந்தார்.

"பெரியவர் ரொம்பக் கோபமா இருக்காரா மேடம்? வாசல்ல நின்னவரைத் தள்ளி நிக்கச் சொல்லிட்டேன். அப்புறம்தான் உறைச்சுது."

ஒரே ஒரு வாக்கியம் போதும். நீங்க வரலேன்னா திங்கட்கிழமை என்னைத் தூக்கிடுவாரு அக்கா. சொன்னால் அக்கா போக மாட்டார். இரக்கப்படுவார். ஒரு பெருமூச்சு விட்டு, அந்தப் பெரிய வேலையை விட்டுவிட்டு, இன்னொரு பத்தொன்பது வருடம் மூன்றாம் மாடிக்கே ஏறுவார். அந்த வாக்கியம் நாக்கு நுனி வரை வந்து நின்றது.

"பத்து நிமிஷம் லேட்டுன்னாரு" என்றாள்.

அக்கா சிரித்தார். "பாத்ரூமுக்கு மூணு பேர் போட்டிருக்கணும். அங்கதான் தேங்கிடுச்சு."

"ஏன் மூணு?"

அக்கா பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டு விளக்கினார். எந்த மாடியில் எந்த அறைகளின் குளியலறை பெரியது, எங்கே தண்ணீர் மெதுவாக வரும், படுக்கை முடித்த ஜோடி எந்த நேரத்தில் பிரிந்து குளியலறைக்குப் போக வேண்டும். நடுவில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா முடித்ததும் கூட, இன்னும் ஏதாவது இருக்கிறதோ என்று காத்திருந்தாள்.

"அவ்வளவுதான்" என்றார் அக்கா. ஏதோ யோசித்தபடி பையை மறுபடி மாட்டிக்கொண்டார். தலையசைத்துவிட்டு வெளிவாசலை நோக்கி நடந்தார்.

சமையலறைப் பின்கதவில் கணவன் வந்து நின்றான். "சொன்னியா?"

"இல்ல."

"ஏன்?"

"சொன்னா எனக்காக இருப்பாங்க."

அவன் அவள் தோளில் கையை வைத்தான். அவன் கையில் வெங்காய வாசனை. அவள் நகரவில்லை.

வெளிவாசலைத் தாண்டி அக்கா தெருவில் ஒரு நிமிடம் நின்றார். அவர் வீட்டுக்குப் போகும் பேருந்து இடது பக்க நிறுத்தத்தில் கிளம்பத் தயாராக இருந்தது. நடத்துநர்கூட அவரைத் தெரிந்தவர் போலக் கையை ஆட்டினார்.

அக்கா, போகலாம் என்று அவருக்குச் சைகை காட்டினார். பேருந்து கிளம்பியது. அவர் வலது பக்கம் திரும்பி, புது ஹோட்டல் இருந்த தெருக்கோடியை நோக்கி நடந்தார்.